போர்க்கடவுளிடம் போய் மாட்டுக்குச் சீக்கு வரக்கூடாது என்று வேண்டினார்களா? (ரோமானிய மார்ஸ் பற்றி ஒரு சந்தேகம்)

வகுப்பறை ஜன்னல்:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ரோம் பாடம். வழக்கம்போல் கரும்பலகையில் ஒரு அட்டவணை போட்டேன்: ஜூபிடர் – வானம், நெப்டியூன் – கடல், மார்ஸ் – போர். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். கொஞ்சம் சுவாரசியமாக இருக்கட்டுமே என்று, கேட்டோ என்ற ரோமானியர் விவசாயத்தைப் பற்றி எழுதிய நூலிலிருந்து ஒரு வேண்டுதலைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். நிலத்தைச் சுற்றிப் பன்றி, ஆடு, காளை மூன்றையும் நடத்திக்கொண்டு போய், "தந்தை மார்ஸே, நோயை விலக்கு, பயிர் விளையட்டும், மேய்ப்பனும் மந்தையும் பிழைத்திருக்கட்டும்" என்று கேட்கும் பகுதி.

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா கடலை போடுகிறவர். "மிஸ், இப்பதான் மார்ஸ் போர்னு எழுதிப் போட்டீங்க. சண்டைச் சாமிகிட்ட எதுக்கு மிஸ் மாட்டுக்குச் சீக்கு வரக்கூடாதுன்னு கேக்குறாங்க?"

"அந்தக் காலத்தில் எல்லாச் சாமியிடமும் எல்லாம் கேட்பார்கள், உட்கார்" என்று சமாளித்துவிட்டேன். மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. பயிருக்கு செரஸ் என்று தனியாக ஒரு தெய்வம் அவர்களுக்கு இருந்ததே. அப்படியிருக்க மார்ஸ் எதற்கு வயலுக்குள் வருகிறார்? ரோமானிய மதத்தில் இந்தக் கடவுளுக்கு உண்மையில் என்னதான் வேலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

---

கிரேக்கப் பித்தன்:

ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரோமானியர்கள் கிரேக்கக் கடவுள்களை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஜீயஸ் ஜூபிடர் ஆனார், ஏரிஸ் மார்ஸ் ஆனார். ஏரிஸ் என்றால் ரத்தவெறி, கூச்சல், படுகொலை. கேட்டோ சொல்வது ஏதோ நாட்டுப்புற வழக்கமாக இருக்கும்.

---

பழைய செமினரியன்:

டீச்சர், அந்தப் பையனுக்கு முதலில் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அவன் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு ஐரோப்பியப் பேராசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள்.

நான் பேராசிரியர் இல்லை. பதினாறு வயதில் செமினரியில் (கத்தோலிக்கக் குருமடத்தில்) சேர்ந்து ஐந்து வருடம் லத்தீன் படித்தேன். குருவாகவில்லை. தபால் துறையில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றேன். லத்தீன் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. காலையில் தினத்தாள் முடிந்ததும் இரண்டு பக்கம் வாசிப்பேன். கேட்டோவை அப்படித்தான் படித்தேன். செமினரியில் அவரை யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை.

நீங்கள் வாசித்துக் காட்டிய வேண்டுதல் அந்த நூலின் 141ஆம் பகுதி. அதில் வினைச்சொற்களை மட்டும் உற்றுப் பாருங்கள். நோய், மலட்டுத்தன்மை, அழிவு, புயல் என்று ஒரு பக்கம் அடுக்குகிறார். அதற்கு மார்ஸிடம் கேட்பது மூன்று: 'ப்ரொஹிபெஸ்ஸிஸ், தெஃபெந்தாஸ், அவெருங்கேஸ்'. தடுத்து நிறுத்து, எதிர்த்து விரட்டு, துடைத்து அப்பால் தள்ளு. மூன்றும் காவல்காரனுக்குச் சொல்கிற சொற்கள். அடுத்து தானியம், திராட்சை, தளிர்கள் என்று வருகிறது. அங்கே அவர் "விளைய வை" என்று கேட்கவே இல்லை. 'ஸீரிஸ்' என்கிறார். "விளைய விடு" என்று பொருள். பயிர் தானாக விளையும், அதற்குக் குறுக்கே எதையும் வரவிடாதே, நீயும் குறுக்கே வராதே என்பதுதான் விண்ணப்பம். விளைய வைப்பது செரஸின் வேலை. மார்ஸ் வரப்பில் நிற்கிறார்.

அந்தக் காளையையும் ஆட்டையும் பன்றியையும் எங்கே நடத்துகிறார்கள்? வயலின் நடுவில் இல்லை, எல்லையைச் சுற்றி. சடங்கின் பெயரே மூன்று மிருகங்களை ஒட்டவைத்த சொல்: சூஸ் பன்றி, ஓவிஸ் ஆடு, தவ்ருஸ் காளை. மூன்றும் சேர்ந்து சுவோவெதவுரீலியா. இதே மூன்று மிருகங்கள், இதே சுற்றல், ரோம் நகரத்திலும் நடந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுத்து முடித்ததும் குடிமக்கள் படையாக அணிவகுத்து மார்ஸின் மைதானத்தில் நிற்பார்கள். அவர்களைச் சுற்றி இவற்றை நடத்திப் பலி கொடுப்பார்கள். போருக்குப் போன இடத்தில் படையின் பாசறையைச் சுற்றியும் இதே ஊர்வலம் வரும். ரோமில் இருக்கும் ட்ராஜன் பேரரசரின் வெற்றித் தூணில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. வயலோ ஊரோ பாசறையோ, ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் இருப்பது வரக்கூடாது என்று சொல்கிறார்கள். கோட்டில் நிற்க வேண்டியவர் மார்ஸ். வருவது எதிரியா, நோயா, ஓநாயா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அதுவும் ஓநாய் அவருடைய மிருகமே. கட்டுக்கு வெளியே இருக்கிற ஆபத்தைத் தடுக்க அதே ஆபத்துக்குச் சொந்தக்காரனைக் காவல் வைத்தால்தானே சரிப்படும்?

(ஒரு பக்கக் கதை. பலி கொடுத்த பிறகு குறி சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டோ எழுதியிருக்கிறார். "தந்தை மார்ஸே, அந்தப் பன்றியில் உனக்கு ஏதாவது திருப்தி இல்லாமல் போயிருந்தால், இதோ இந்தப் பன்றியால் பரிகாரம் செய்கிறேன்" என்று இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். ரசீதில் தப்பு வந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுவோமே, அந்தத் தொனி. எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது.)

கிரேக்கப் பித்தன் சொன்னதற்கு வருகிறேன். ஏரிஸும் மார்ஸும் ஒன்று என்று பின்னால் வந்த கவிஞர்கள் முடிச்சுப் போட்டார்கள், உண்மை. ஆனால் வழிபாட்டில் இரண்டு பேருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இலியட் ஐந்தாம் காண்டத்தில் ஏரிஸ் மனிதன் கையால் வயிற்றில் குத்துப்பட்டு, பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்துவதுபோல் அலறிக்கொண்டு அப்பாவிடம் ஓடுகிறான். அப்பா ஜீயஸ் என்ன சொல்கிறார்? ஒலிம்பஸில் இருக்கும் கடவுள்களிலேயே எனக்கு மிகவும் வெறுப்பானவன் நீதான் என்கிறார். இப்படி ஒருவரை ரோமானியன் தன் குலத்துக்கே தகப்பன் என்று சொல்லிக்கொள்வானா? ரோமை நிறுவிய கதையில் வரும் ரோமுலுஸ், ரேமுஸ் இரட்டையருக்கு அப்பா மார்ஸ். வருடத்தின் முதல் மாதத்துக்கு அவர் பெயர். ஆமாம், பழைய ரோமானிய வருடம் மார்ச்சில்தான் தொடங்கியது. அதனால்தான் செப்டம்பர் என்ற பெயரில் 'ஏழு' இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

இனி மார்ச் மாதத்துக்கு வாருங்கள். குளிர்காலத்தில் படை கிளம்பாது. மார்ச்சில் கிளம்ப ஆயத்தம், அக்டோபரில் திரும்பி வருவது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை அவருடைய திருநாள்கள் கூட்டமாக வருகின்றன. மார்ச்சில் குதிரைப் பந்தயம், 23ஆம் தேதி போர் எக்காளங்களைச் சுத்தி செய்வது. அக்டோபர் 19 அன்று ஆயுதங்களைச் சுத்தி செய்து உள்ளே வைப்பது. போரைத் திறக்கவும் ஒரு நாள், மூடவும் ஒரு நாள்.

மார்ச் மாதத்தில் சாலியி என்ற பூசாரிகள் தெருவில் இறங்குவார்கள். பன்னிரண்டு பேர், உயர்குடிப் பிள்ளைகள். 'சலீரே' என்றால் குதிப்பது. வெண்கல மார்புத்தகடு, கூம்புக் குல்லா, இடுப்பில் வாள், இடது கையில் எட்டு வடிவத்தில் இடுப்பு ஒடுங்கிய ஒரு பழங்காலக் கேடயம். வலது கைக் கோலால் கேடயத்தைத் தட்டிக்கொண்டு மூன்றடித் தாளத்தில் குதித்துக் குதித்துப் போவார்கள். நூமா என்ற அரசன் காலத்தில் ஒரு கேடயம் வானத்திலிருந்து விழுந்ததாம். அது இருக்கும்வரை ரோமுக்குக் குறைவில்லை என்றதும், திருடன் வந்தால் எது அசல் என்று தெரியக்கூடாது என்பதற்காக மமூரியுஸ் என்ற கொல்லனிடம் அதே அச்சில் பதினொன்று செய்யச் சொன்னான் நூமா. கொல்லன் கூலி கேட்கவில்லை. "உங்கள் பாட்டின் கடைசியில் என் பெயரைச் சேர்த்துவிடுங்கள்" என்றான். சேர்த்தார்கள். அந்தப் பாட்டு எவ்வளவு பழையது என்றால், கி.பி. முதல் நூற்றாண்டில் குவின்டிலியன் சொல்கிறார், பாடுகிற பூசாரிகளுக்கே அது சரியாகப் புரியவில்லை என்று. எனக்கு அது புதிதில்லை. எட்டு வயதில் பூசைக்கு உதவி செய்யும் பையனாக நின்று, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் லத்தீன் பதில்களைக் கடகடவென்று ஒப்பித்தவன் நான்.

இப்போது என் வாதத்தில் இடிக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்கக் கூடாது. அக்டோபர் 15. மார்ஸின் மைதானத்தில் இரட்டைக் குதிரைத் தேர்ப் பந்தயம். ஜெயித்த தேரில் வலப்பக்கம் பூட்டிய குதிரையை ஈட்டியால் குத்தி மார்ஸுக்குப் பலி கொடுப்பார்கள். ஜெயித்ததற்குப் பரிசு அது, பாவம். வாலை வெட்டி, ரத்தம் உறைவதற்குள் ஓட்டமாக ஓடி, ரெஜியா என்ற பழைய அரசர் மனையின் அடுப்பில் அது சொட்டும்படி பிடிக்க வேண்டும். மைதானத்திலிருந்து அங்கே கணிசமான தூரம், ஒருவன் கையில் வாலோடு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். தலைக்கு இரண்டு தெருக்காரர்களுக்குள் அடிதடி. சக்ரா வீயா தெருவினர் ஜெயித்தால் ரெஜியாவின் சுவரில் அதை அறைவார்கள், சுபூரா பேட்டைக்காரர்கள் ஜெயித்தால் மமீலியுஸ் கோபுரத்தில். அந்தக் குதிரைத் தலைக்கு மாலையாகப் போட்டிருப்பது ரொட்டிகள். விளைச்சல் நல்லபடி முடிந்ததற்காக இந்தப் பலி என்று ஒரு பழைய குறிப்பும் இருக்கிறது. "பார்த்தாயா, மார்ஸ் ஆதியில் பயிர்க் கடவுள்தான்" என்று ஒரு கட்சி இதைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு அறிஞர் துமெசில் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வயலில் இருந்தாலும் அவர் வீரன்தான், அங்கே நிற்பது காவலுக்கு என்றார். நான் துமெசில் பக்கம். குதிரை உழவு மாடு கிடையாது, அன்றைக்கு அது போர் மிருகம். ஈட்டியும் அறுவடைக் கருவி இல்லை. ரொட்டி, காவலனுக்குக் கொடுக்கும் பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ரொட்டி மாலையை நினைத்தால் லேசாக ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

கடைசியாகக் கோவில். மார்ஸின் கோவிலை மதிலுக்கு வெளியே கட்டு என்று கட்டடக் கலைஞர் விட்ரூவியுஸ் எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: அப்போதுதான் குடிமக்களுக்குள் ஆயுதச் சண்டை வராது, வெளியே இருந்து அவர் எதிரியிடமிருந்து ஊரைக் காப்பார். அதன்படியே கி.மு. 388இல் அர்ப்பணித்த பழைய கோவில் அப்பியன் சாலையில், கபேனா வாசலுக்கு வெளியே இருந்தது. ஊருக்குள் கொண்டுவந்தவர் அகஸ்டஸ். கி.மு. 42இல் பிலிப்பி போர்க்களத்தில், சீசரைக் கொன்றவர்களைப் பழிவாங்கினால் கோவில் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, நாற்பது வருடம் கழித்துக் கி.மு. 2இல் திறந்தார். பழிதீர்க்கும் மார்ஸ் என்று பெயர்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பங்கிலிருந்து ரோமுக்கு யாத்திரை போனோம். நான்கு பேராலயங்கள், கிளம்பு கிளம்பு என்று ஒரே ஓட்டம். ஒரு மாலை, கால் வலி என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக நழுவினேன். சாலை ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால், பள்ளத்தில் அந்தக் கோவில். மூன்று தூண் மட்டும் வரிசையாக நிற்கிறது. பின்னால் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு கறுத்த கற்சுவர். அந்தப் பக்கம் இருந்த சுபூரா பேட்டையில் அடிக்கடி தீப்பிடிக்கும். அது இந்தப் பக்கம் தாவாமல் இருக்கக் கட்டியது. ஒரு பூனை தூணடியில் படுத்திருந்தது. எனக்கு அங்கே நின்றபோது போரோ பழியோ மனசுக்கு வரவில்லை, கிளாடியுஸ் பேரரசர்தான் வந்தார். இதே வளாகத்தில் அவர் வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தாராம். கோவிலுக்குள் சாலியி பூசாரிகளுக்குச் சமையல். வாசனை வந்ததும் விசாரணையை அப்படியே விட்டு எழுந்துபோய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று சுவெடோனியுஸ் எழுதுகிறார். சாலியி விருந்து அவ்வளவு பேர்போனது.

---

ரிட்டயர்ட் ஹவில்தார்:

ஐயா, நன்றாகச் சொன்னீர்கள். பட்டாளத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். இந்தப் பூசாரிகள் படையோடு போவார்களா? எங்கள் யூனிட்டில் பண்டிட்ஜி, பாதிரியார், கிரந்தி எல்லாரும் எங்களோடே எல்லைவரை வந்தவர்கள், குளிரில் எங்களோடு நடுங்கியவர்கள். போர்க்கடவுளின் பூசாரி என்றால் முன்வரிசையில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

---

பழைய செமினரியன்:

சார், நேர் எதிர். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், நீளமாகிவிட்டதே என்று விட்டேன்.

மார்ஸுக்குத் தனியாக ஒரு தலைமைப் பூசாரி உண்டு, ஃப்ளாமென் மார்சியாலிஸ். ரோமின் மூன்று பெரிய ஃப்ளாமென்களில் ஒருவர். மற்ற இருவர் ஜூபிடருக்கும் குவிரீனுஸ் என்ற இன்னொரு தெய்வத்துக்கும். கி.மு. 242இல் கார்த்தேஜோடு முதல் பெரிய போர் இருபத்து மூன்றாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வருடம் கான்சல் (வருடத்துக்கு இருவராக இருக்கும் தலைமை ஆட்சியாளர்) ஆனவர்களில் ஒருவர் போஸ்டுமியுஸ் அல்பீனுஸ். அவரே மார்ஸின் ஃப்ளாமெனும்கூட. படையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், பூசாரிகளுக்கெல்லாம் மேலான தலைமைக் குரு மெடெல்லுஸ் குறுக்கே நின்றார். "நீ மார்ஸின் பூசாரி. உன் சடங்கை விட்டுவிட்டு ஊரைத் தாண்டக்கூடாது." போர்க்கடவுளின் பூசாரிக்குப் போருக்குப் போகத் தடை! அவரும் ஊரிலேயே நின்றுவிட்டார். இன்னொரு கான்சல் கடுலுஸும், போஸ்டுமியுஸுக்குப் பதிலாகப் போன ஃபால்தோ என்ற அதிகாரியும் கடலுக்குப் போனார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் சிசிலிக்கு மேற்கே ஏகாதெஸ் தீவுகளுக்கு அருகில் கார்த்தேஜின் கப்பற்படையை உடைத்தார்கள், போர் முடிந்தது. போஸ்டுமியுஸ் அந்தச் செய்தியை ஊரில் உட்கார்ந்து கேட்டிருப்பார். அவர் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

கி.மு. 131இல் இதே கதை இன்னொருமுறை. அப்போது கான்சலாக இருந்த ஃப்ளாக்குஸும் மார்ஸின் ஃப்ளாமென். தடுத்த தலைமைக் குரு அவருடைய சக கான்சல் க்ராஸ்ஸுஸ். தடுத்துவிட்டுப் படையைத் தான் எடுத்துக்கொண்டு ஆசியாவுக்குப் போனார். இதில் பக்தி எவ்வளவு, பதவி ஆசை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். போனவர் அங்கே தோற்று உயிரையும் விட்டார்.

சாலியி கதை இன்னும் வேடிக்கை. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை ஜெயித்த ஸ்கிப்பியோ ஆஃப்ரிகானுஸ் ஒரு சாலியுஸ், அதாவது சாலியி பூசாரிகளில் ஒருவர். கி.மு. 190இல் தம்பி கான்சல், அண்ணன் துணைக்கு. அந்தியோக்கஸ் அரசனுக்கு எதிராகப் படை ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஜலசந்தியைத் தாண்டியாகிவிட்டது. அப்போது பார்த்துக் கேடய ஊர்வல நாள்கள் வந்துவிட்டன. அந்த நாள்களில் சாலியுஸ் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கேயே முப்பது நாள் இருக்க வேண்டும். ஸ்கிப்பியோ ஐரோப்பியக் கரையில் நின்றுவிட்டார். அவர் வந்து சேரும்வரை மொத்தப் படையும் அக்கரையில் காத்துக் கிடந்தது. பொலிபியுஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். ரோமில் பத்துப் பதினொரு பேர் குதித்துக்கொண்டிருக்க, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு படை நிற்கிறது.

தளபதிக்கு மார்ஸோடு நேரடி வேலை கிளம்பும்போதுதான். ரெஜியா என்று சொன்னேனே, அதற்குள் மார்ஸின் ஈட்டிகள் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. ஊருக்குள் அவருக்குக் கோவில் கிடையாது, ஈட்டி மட்டும் உண்டு. போர்ப் பொறுப்பை ஏற்றவர் அந்த அறைக்குள் நுழைந்து முதலில் கேடயங்களை அசைப்பார், பிறகு ஈட்டியை அசைப்பார், அசைத்துக்கொண்டு இரண்டே சொல் சொல்வார்: "மார்ஸ் விஜிலா." மார்ஸே, விழித்துக்கொள். அப்படியானால் மற்ற நேரம் அவர் தூங்கலாம், தூங்க வேண்டும் என்றுதான் அர்த்தம். யாரும் தொடாமல் அந்த ஈட்டிகள் தாமாக அசைந்துவிட்டால் ஊரே நடுங்கும், செனட்டுக்குச் செய்தி போகும், பரிகாரப் பலி நடக்கும்.

சீசர் தலைமைக் குருவாக இருந்ததால் மார்ஸின் ஆயுதங்கள் அவர் பொறுப்பில் அவர் இல்லத்தில் இருந்தன. கொலைக்கு முந்தின இரவு அவை பெரிதாகச் சத்தம் போட்டதாக திஓ காஸ்ஸியுஸ் எழுதுகிறார். மறுநாள் மார்ச் 15. இருநூற்றைம்பது வருடம் கழித்து எழுதியவர், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

---

கடிகாரக்கடை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மார்ஸ் கிரகம், செவ்வாய், செவ்வாய்க்கிழமை. இதில் ஏதாவது நிஜமான தொடர்பு உண்டா, இல்லை தற்செயலா?

---

கிரேக்கப் பித்தன்:

இதற்காவது நான் பதில் சொல்கிறேன், மேலே வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். (செமினரியன் ஐயா, இலியட்டை என் மேலேயே திருப்பிவிட்டீர்களே!)

தற்செயல் இல்லை. ஏழு கிரகங்களுக்கு ஏழு நாள் என்பது கிரேக்க-எகிப்திய சோதிடர்கள் கணக்கு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கிரகம் என்று வரிசையாக வைத்து, நாளின் முதல் மணிக்கு எது வருகிறதோ அதன் பெயரை நாளுக்கு வைத்தார்கள். அது மேற்கே ரோமுக்குப் போனபோது 'மார்ஸின் நாள்' ஆனது. இத்தாலியில் இன்றும் மார்த்தெதீ, பிரான்ஸில் மார்தி. கிழக்கே சோதிடத்தோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தபோது அங்காரகனுக்கும் செவ்வாய்க்கும் போனது. நாளின் வரிசை ஒன்று, கிரகம் ஒன்று. கிரகத்துக்கு இரண்டு பக்கமும் சண்டைக்காரன் பெயர் கிடைத்ததற்கு அதன் சிவப்பு ஒரு காரணம். ஆனால் மேலே ஐயா சொன்ன ஈட்டி, கேடயம், குதிரைத் தலை எதுவும் அதோடு வரவில்லை. கிழமை மட்டும்தான் வந்தது.

---

வகுப்பறை ஜன்னல்:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை முதல் பீரியட். அட்டவணையில் மார்ஸுக்கு எதிரே இருந்த 'போர்' என்ற சொல்லை அழிக்கவில்லை, பக்கத்தில் 'எல்லைக் காவல்' என்று சேர்த்தேன். 'விளைய வை', 'விளைய விடு' இரண்டையும் பலகையில் எழுதி வித்தியாசம் கேட்டேன். கடைசி பெஞ்சுக்காரன் கை தூக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: "எங்க காட்டுக்கு ராத்திரி பன்னி வருது மிஸ். அப்பா போய்த் தகரம் தட்டிக்கிட்டு வரப்புல உக்காந்திருப்பாரு. கடலையை அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு." சாலியி கேடயம் தட்டுவதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. அக்டோபர் குதிரையை மட்டும் விட்டுவிட்டேன், இரண்டு பிள்ளைகள் மதியம் சாப்பிடாமல் இருந்துவிடும்.

ஐயா, அவன் இன்னொரு கேள்வியும் கேட்டான், நான் மாட்டிக்கொண்டேன். குறி சரியில்லை என்றால் இன்னொரு பன்றி. அதுவும் சரியில்லை என்றால்? எத்தனை பன்றிவரை கொடுக்க வேண்டும்?

---

பழைய செமினரியன்:

டீச்சர், கேட்டோ இரண்டாவது பன்றியோடு நிறுத்திக்கொள்கிறார், மூன்றாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் மகா கஞ்சன். அதே நூலின் தொடக்கத்திலேயே வயதான மாட்டை விற்றுவிடு, பழைய வண்டியை விற்றுவிடு, வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடு என்று பட்டியல் போடுகிறவர். அந்தச் சுவோவெதவுரீலியாவுக்கும் அவர் முழுக் காளை கொடுக்கவில்லை, பால்குடி மறக்காத கன்று, குட்டி, பன்றிக்குட்டிதான். இதையும் பையனிடம் சொல்லுங்கள், அவன் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.